காமாலைக்கும் கீழாநெல்லிக்கும் நடுவே

மரக்காணம் உப்பளத்தில் மருந்துச் செடி தேடுவது கொஞ்சம் வேடிக்கையான வேலைதான். பாத்தி வரப்புகளில் உமரியைத் தவிர வேறெதுவும் லேசில் தலைகாட்டாது. ஆனால் உப்பு மண்ணை விட்டு எந்தப் பக்கம் நடந்தாலும் கதை மாறிவிடும். கடலோர மணல்மேட்டில் அடப்பங்கொடி ஊதாப் பூவோடு படர்ந்து கிடக்கும். சொறிமீன் பட்ட இடத்தில் அதன் இலையைக் கசக்கித் தேய்ப்பது மீனவர் வீட்டு வழக்கம். ஊர்ப்பக்கம் வந்தால் ஆவி பிடிக்க நொச்சி, இருமலுக்கு ஆடாதோடை, சளிக்குத் தூதுவளை, சொறி சிரங்குக்குக் குப்பைமேனி. புதுச்சேரிப் பாதையில் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குள் நுழைந்தால் பட்டியல் இன்னும் நீளும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பேச முடியாது. ஒரே ஒரு செடியோடு இன்று உட்காரலாம். டீ ஆறிப்போனால் இன்னொன்று சொல்லிக்கொள்வோம்.

கீழாநெல்லி. உப்பளத்தில் இதைத் தேட வேண்டாம், வராது. நாலு மழை பெய்துவிட்டால் குழாயடியில், கொல்லையில், நெல் வயல் வரப்பில், பூந்தொட்டியில்கூட யாரையும் கேட்காமல் முளைத்துவிடும். முழங்கால் உயரத்தைத் தாண்டுவது அபூர்வம். மெல்லிய ஈர்க்கின் இரு பக்கமும் சின்னச் சின்ன இலைகள். ஈர்க்கைத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள்: இலை வரிசையின் அடியில், கடுகைவிடச் சற்றுப் பெரிய பச்சைக் காய்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கும். பொழுது சாய்ந்தால் இலைகள் மடங்கிக்கொள்ளும். ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டால் கசப்பு நாக்கிலேயே நிற்கும்.

இதன் பெயரைச் சொன்னதும் தமிழ்நாட்டில் யாரும் அடுத்த வார்த்தையைச் சொல்லிவிடுவார்கள்: மஞ்சள் காமாலை. வேரோடு பிடுங்கிக் கழுவி, அம்மியில் வைத்து அரைத்து, ஒரு சிறு உருண்டையை மோரில் கரைத்து, காலையில் வெறும் வயிற்றில் மூன்று நாள். கூடவே உப்பு, புளி, எண்ணெய் இல்லாத பத்தியம். உப்பு விளைகிற ஊரிலேயே உப்பில்லாச் சோறு தின்ன வைக்கிற நோய் இது. “மூணே நாள்ல பசி எடுத்துடுச்சு, கண்ணு தெளிஞ்சிடுச்சு” என்று சொல்பவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். அதை நம்பிக்கொண்டே ஒரு கேள்வியைப் பக்கத்தில் வைப்போம்: அந்தக் கண்ணில் மஞ்சள் ஏன் வந்தது?

நாம் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். காமாலையை ஒரு நோய் என்று நினைத்துக்கொள்கிறோம். அது நோயல்ல, நோயின் அறிகுறி. காய்ச்சல் அடிக்கிறது என்றால் ‘எதனால்?’ என்று உடனே கேட்கிறோம். டைபாய்டா, டெங்குவா, சளியா என்று பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டோம். காமாலை விஷயத்தில் மட்டும் அந்தக் கேள்வி வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. மஞ்சள் என்றால் கீழாநெல்லி, கணக்கு முடிந்தது. இத்தனைக்கும் சித்த மருத்துவ நூல்கள் காமாலையைப் பல வகையாகப் பிரித்துத்தான் பேசுகின்றன. எல்லாவற்றையும் ஒரே மஞ்சளாகச் சுருக்கிக்கொண்டது நாம்தான்.

முதலில் அந்த மஞ்சள் பொருளைப் பிடிப்போம். நம் ரத்தத்தின் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழும். பிறகு உடைந்துவிடும், புதியவை வரும். உடைந்த அணுவின் சிவப்புச் சரக்கு சிதையும்போது மிஞ்சுகிற மஞ்சள் கழிவுக்குப் பிலிரூபின் என்று பெயர். இது தண்ணீரில் கரையாது. ஆகவே ரத்தம் இதைக் கல்லீரலிடம் ஒப்படைக்கிறது. கல்லீரல் அதைக் கரையும்படி மாற்றிப் பித்தநீரில் கலந்து, பித்தக்குழாய் வழியே குடலுக்கு அனுப்பிவிடுகிறது. மலத்துக்கு அந்தப் பழுப்பு நிறம் வருவதே இதனால்தான். ஆரோக்கியமாக இருக்கும்போதும் இந்த மஞ்சள் நமக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, தேங்காமல்.

இப்போது உப்பளத்தையே நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. பாத்தியில் ஆள் நின்று பாடுபார்க்கிறார். மிச்ச நீர் மடை வழியாக வெளியேறுகிறது. ஒரு காலையில் வரப்பைத் தாண்டித் தண்ணீர் வழிகிறது என்றால் மூன்றில் ஒன்று நடந்திருக்க வேண்டும். வாய்க்காலில் வரத்து மிஞ்சியிருக்கலாம். வேலை செய்கிற ஆள் படுத்துவிட்டிருக்கலாம். அல்லது மடை அடைத்துக்கொண்டிருக்கலாம். தூரத்தில் சாலையில் நின்று பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றுதான்: தண்ணீர் வழிகிறது. நாம் கண்ணில் பார்க்கிற மஞ்சள் அந்த வழிகிற தண்ணீர். ரத்தத்தில் பிலிரூபின் ஒரு டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம் வாக்கில் இருக்க வேண்டியது. 2, 3 என்று ஏறும்போதுதான் வெள்ளை விழியில் நமக்குத் தெரிய ஆரம்பிக்கிறது.

வரத்து மிஞ்சுவது என்றால் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைகின்றன என்று பொருள். மலேரியாவில் இது நடக்கும். பரம்பரையாக வருகிற சில ரத்தக் குறைபாடுகளில் நடக்கும். பிறந்த குழந்தைகள் பலருக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் உடம்பு மஞ்சளிப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு: அணுக்கள் வேகமாக உடைகின்றன, பிஞ்சுக் கல்லீரலுக்கு அத்தனையையும் கையாளத் தெரியவில்லை. பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தானே சரியாகிவிடும். ஆனால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ அது வேறு சமாச்சாரம்; அளவு மீறிய பிலிரூபின் மூளைக்குள் புகுந்து நிரந்தரக் கேடு செய்யும். அந்தக் குழந்தைக்கு வேண்டியது ஆஸ்பத்திரியின் நீல வெளிச்சம். எந்த இலைச் சாற்றையும் அதன் வாயில் விடக் கூடாது.

மடை அடைப்பது என்றால் பித்தக்குழாயில் கல், அல்லது கணையத்தின் தலைப்பகுதியில் வந்த கட்டி அந்தக் குழாயை நெரிப்பது. இதற்கு அடையாளங்கள் உண்டு. பித்தம் குடலுக்குப் போகாததால் மலம் வெளுத்துக் களிமண் நிறமாகும்; சிறுநீர் கட்டன் காபி நிறத்துக்கு இருளும்; உடம்பெல்லாம் அரிக்கும். இந்த மடையை எந்த மூலிகையும் திறந்துவிடாது. உள்ளே குழாய் விட்டோ கத்தி வைத்தோதான் திறக்க வேண்டும். இதில் கழிகிற ஒவ்வொரு வாரமும் விலை உயர்ந்தது.

நடுவில் இருப்பது, ஆள் படுத்துவிடுவது. நம் ஊர்களில் கண்ணில் படுகிற காமாலையில் பெரும்பகுதி இந்த ரகம். கல்லீரலே அடிபட்டுக் கிடக்கிறது. அடித்தது யார் என்பதில் மறுபடியும் பல பேர். ஹெபடைட்டிஸ் (கல்லீரல் அழற்சி) ஏ, ஈ என்ற வைரஸ்கள் கழிவு கலந்த தண்ணீரிலும் உணவிலும் வருகின்றன. பி, சி வைரஸ்கள் ரத்தத்தின் வழியே வருகின்றன; பி வைரஸ் தாயிடமிருந்து பிரசவ நேரத்தில் குழந்தைக்கும் உடலுறவிலும் தொற்றும். பிறகு சாராயம். பிறகு சில மாத்திரைகள். மழைக்காலத்தில் எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்கு வரும் எலிக்காய்ச்சல். இது முற்றினால் காமாலையோடு சிறுநீரகமும் படுத்துவிடும். ஆனால் நேரத்தோடு கண்டுபிடித்தால் சாதாரண ஆன்டிபயாடிக் மருந்துக்கே அடங்கும்.

இப்போது கீழாநெல்லியின் புகழுக்கு வருவோம். ஏ, ஈ வைரஸ்களால் வரும் காமாலை மிகப் பெரும்பாலோருக்குத் தானாகவே குணமாகிவிடும். உடம்பே வைரஸைத் துரத்திவிடுகிறது. அது நடக்கிற வரிசையைக் கவனியுங்கள். முதலில் சில நாள் காய்ச்சல், குமட்டல், சோற்றைக் கண்டாலே வெறுப்பு. அப்போது கண் வெள்ளையாகத்தான் இருக்கும். பித்தம், சூடு என்று சொல்லிக் கழிப்போம். பிறகுதான் மஞ்சள் எட்டிப் பார்க்கும். பலருக்கு மஞ்சள் தெரிகிற வேளையில் காய்ச்சல் தணிய ஆரம்பித்துவிடும். வைரஸின் ஆட்டம் அதற்கு முன்பே உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கியிருக்கும். வீட்டில் கண்ணைப் பார்த்துப் பதறி, விசாரித்து, செடி தேடி, அரைத்துக் கொடுக்க இரண்டு மூன்று நாள் ஆகிறது. நோயாளிக்குப் பசி திரும்புகிற வேளையும் மோர் டம்ளர் கைக்கு வருகிற வேளையும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. விழியின் மஞ்சள் முழுதாக விலக இன்னும் சில வாரம் ஆகலாம். ஆனால் பசி எடுத்ததுதான் எல்லோர் மனதிலும் நிற்கிறது.

அப்படியானால் கீழாநெல்லி சும்மாவா? அவசரப்பட வேண்டாம். இந்தக் கேள்வியை மெட்ராஸிலேயே ஒழுங்காகக் கேட்டிருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் (பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர்) அமெரிக்காவின் பாருக் பிளம்பெர்க்கும் சேர்ந்து செய்த ஆய்வு 1988-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. பிளம்பெர்க் சாதாரண ஆள் இல்லை; ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்த பணிக்காக 1976-ல் நோபல் பரிசு வாங்கியவர். இவர்கள் கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்தார்கள். தானாகக் குணமாகிற காமாலையை எடுத்துக்கொள்ளவில்லை. பி வைரஸை வருஷக்கணக்காக உடம்பில் சுமந்துகொண்டிருப்பவர்களை எடுத்துக்கொண்டார்கள். அந்த வைரஸ் லேசில் தானாகப் போகாது. ஆகவே போனால் மருந்துக்குத்தான் பேர் சேரும்.

ஒரு சாராருக்குக் கீழாநெல்லிப் பொடி, மறு சாராருக்கு மருந்தே இல்லாத வெறும் பொடி, 30 நாள். முடிவில் கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் காணாமல் போயிருந்தது. வெறும் பொடி உண்ட 23 பேரில் ஒரே ஒருவருக்கு மட்டும். உலகமே திரும்பிப் பார்த்ததில் ஆச்சரியமில்லை. இதை எழுதியவர்களே ‘முதற்கட்ட ஆய்வு’ என்று அடக்கமாகத்தான் சொன்னார்கள். பிறகு தாய்லாந்திலும் வேறு இடங்களிலும் அதே செடியைக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பலன் திரும்ப வரவில்லை. உலகெங்கும் நடந்த இத்தகைய சோதனைகளைச் சேர்த்து அலசிய காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுக் குழு 2011-ல், வெறும் பொடியைவிட இது மேல் என்று சொல்ல நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று முடித்தது.

என் கணக்கில் இது தோல்விக் கதை அல்ல. பாட்டி வைத்தியத்தைக் கேலி செய்யாமலும் கும்பிடாமலும் உரசிப் பார்த்த கதை. இப்படி உரசப்பட்ட நம் மூலிகைகள் குறைவு. சோதனைச்சாலையில் எலிகளின் ஈரலைக் கீழாநெல்லி காப்பது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அது மனிதரின் நோயை மாற்றுகிறது என்று காட்டுவதுதான் இன்னும் பாக்கி.

இடையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கீழாநெல்லி என்று நாம் சுட்டுகிற செடிக்குப் பங்காளிகள் ஏராளம். எல்லாமே இலைக்கடியில் காய் தொங்கவிடும். தென்னிந்தியாவின் 25 மருந்துக் கடைகளில் வாங்கிய சரக்கை மரபணு வரை பிரித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2010-ல் வெளிவந்தது. ஏறத்தாழ நாலில் மூன்று பங்குக் கடைகளில் சரியான செடிதான் இருந்தது. மிச்சக் கடைகளில் பங்காளிகள் ஐந்து பேர் புகுந்திருந்தார்கள். கொல்லையில் பறிப்பவர் கையில் வருவது எது என்பதும் இதே கேள்விதான்.

கீழாநெல்லியை மோரில் கலக்கிக் குடித்ததால் கெட்டுப்போனவர் அதிகம் இருக்க மாட்டார். ஆபத்து அது தின்றுவிடுகிற நாட்களில் இருக்கிறது. மூன்று நாள் பார்ப்போம், ஏழு நாள் பார்ப்போம் என்று மடை அடைத்தவரும் எலிக்காய்ச்சல்காரரும் சேர்ந்து காத்திருக்கிறார்கள். கர்ப்பிணிக்கு, அதுவும் கடைசி மூன்று மாதத்தில், ஈ வைரஸ் காமாலை உயிருக்கே உலை வைக்கக்கூடியது. அவருக்கு ஒரு நாள்கூட உபரியாக இல்லை. போதாததற்குக் காமாலையை ‘இறக்குபவர்கள்’ வேறு. கையில் எதையோ தடவிக் கழுவுவார்கள், தண்ணீர் மஞ்சளாக இறங்கும். பார்த்தவர்கள் சிலிர்த்துப் போவார்கள். மாம்பட்டைச் சாறும் சுண்ணாம்புத் தண்ணீரும் சந்தித்தால் யார் கையிலும் அந்த நிறம் இறங்கும், காமாலையே இல்லாதவர் கையிலும்.

மூலிகை என்றாலே ஈரலுக்கு நண்பன் என்பதும் இல்லை. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் கஷாயம் குடித்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் வீங்கியதை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்து, செடி மாறியிருக்கலாம் என்றது. செடி மாறியதா, செடிதான் காரணமா என்று இரு தரப்பும் வாதாடட்டும். ஈரல் ஏற்கெனவே படுத்திருக்கும்போது பெயர் தெரியாத சூரணப் பொட்டலத்தை அதன் மேல் ஏற்ற வேண்டாம் என்ற அளவில் நாம் நின்றுகொள்ளலாம்.

போகிற போக்கில் ஒரு பழமொழிக்கும் விடை கொடுத்துவிடுவோம். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்கிறோமே, அப்படி ஒன்றும் தெரியாது. மஞ்சள் ஏறுவது விழியின் வெளித்தோலில். எதிரே நின்று பார்ப்பவருக்குத்தான் மஞ்சள், காமாலைக்காரருக்கு உப்பு வெள்ளையாகவே தெரியும்.

சரி, வீட்டில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால் என்ன செய்வது? அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ரத்தம் கொடுப்பதுதான் முதல் வேலை. கல்லீரல் செயல்பாட்டுச் சோதனை வரத்தா, ஆளா, மடையா என்று பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதோடு பி, சி சோதனையும் கேளுங்கள். தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018-ல் தொடங்கிய பிறகு அந்த இரண்டுக்கும் சோதனையும் சிகிச்சையும் இலவசம். சி வைரஸுக்கு இப்போது மூன்று மாத மாத்திரையில் பெரும்பாலோருக்கு முழுக் குணம். பி வைரஸுக்குத் தடுப்பூசியே இருக்கிறது, பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டியது. தூக்கக் கலக்கம், பிதற்றல், ரத்தக் கசிவு, நிற்காத வாந்தி தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பத்தியத்தில் கெட்டியாகப் பிடிக்க வேண்டியது சாராயத்தைத் தொடாமல் இருப்பதும், டாக்டர் சொல்லாத மாத்திரையை விழுங்காமல் இருப்பதும்தான். டாக்டரே சொன்னால் தவிர, உப்பில்லாச் சோற்றுக்குக் காரணம் எதுவும் இல்லை. வாய்க்குப் பிடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடலாம். ஏற்கெனவே குமட்டுகிறவரை உப்பும் எண்ணெயும் இல்லாத கஞ்சியோடு மல்லுக்கட்ட வைத்தால் உடம்புதான் இளைக்கும். சித்த மருத்துவம் வேண்டும் என்றால் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் படித்த சித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். ரத்தச் சோதனைச் சீட்டை அவரிடமும் காட்டுங்கள். காமாலைக்குக் குளிர்ச்சி என்று சாலையோரக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அதில் போடுகிற ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று யாருக்கும் தெரியாது. ஏ வைரஸும் ஈ வைரஸும் பயணம் செய்ய விரும்புகிற வண்டி அதுதான்.

ஒரே தெருவில் இரண்டு மூன்று வீட்டில் அடுத்தடுத்துக் கண் மஞ்சளித்தால், செடி தேடுவதற்கு முன் குடிநீர்க் குழாயைத் தேடுங்கள். சாக்கடை ஓரமாகப் போகிற இடத்தில் எங்கோ உடைந்திருக்கும். சுகாதார ஆய்வாளருக்குச் சொன்னால் தண்ணீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார், தொட்டியில் குளோரின் போடச் செய்வார். குழாயை அடைக்கும் வரை அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும், காமாலை வராத வீட்டிலும்.